வீட்டுக் கணினியில் எவ்வளவு இசை கொள்ளும்?

பிளஸ் டூ முடித்த பிள்ளை மியூசிக் ப்ரொடக்‌ஷன் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறேன் என்று சொன்னதும், நடுத்தரக் குடும்பத்தில் முதலில் எழுவது பணக் கேள்விதான். எந்தக் கம்ப்யூட்டர், எவ்வளவு ஆகும்? விசாரிக்கிற இடத்திலெல்லாம் பதில் ஒன்றாகவே இருக்கிறது: இருப்பதிலேயே வேகமான ப்ராசசர், 32 ஜிபி ரேம், முடிந்தால் ஆப்பிள். தொகையைக் கேட்டதும் சில வீடுகளில் ஆசை தள்ளிப்போகிறது. சில வீடுகளில் தவணையில் இயந்திரம் வந்துவிடுகிறது. மைக்குக்கும் ஹெட்போனுக்கும் கையில் காசு மிஞ்சுவதில்லை. இரண்டிலும் பாட்டு பிறக்கவில்லை. எந்த வேலைக்கு வேகம் வேண்டும், எந்த வேலை காத்திருக்கும் என்று பிரித்துப் பார்த்தால் இந்தக் கணக்கே மாறிவிடும். வேகம் உண்மையில் தேவைப்படுவது ஒரு சில கணங்களுக்குத்தான் என்பது என் முடிவு. அதற்கான காரணங்களைப் பார்க்கலாம்.

1983-இல் மிடி என்ற பொது ஏற்பாடு வந்தபோது, வெவ்வேறு கம்பெனிகளின் கீபோர்டுகளும் கம்ப்யூட்டரும் ஒரே கம்பி வழியாகப் பேசத் தொடங்கின. அந்தக் கம்பியில் நொடிக்கு 31,250 பிட் மட்டுமே போகும். ஆனால் ஒரு ஸ்வரத்தை எந்த அழுத்தத்தில் தொடங்குவது என்று சொல்ல மூன்று பைட் போதும். அதனால் ஒரு மில்லிநொடிக்குள் செய்தி சேர்ந்துவிடும். ஒலி எழுப்புவது கீபோர்டின் வேலை. எதை எப்போது வாசிப்பது என்று நினைவு வைத்துக்கொள்வது மட்டுமே கம்ப்யூட்டரின் வேலை. 1985-இல் வந்த அட்டாரி எஸ்டி, 8 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசரும் அரை மெகாபைட் ரேமும் கொண்ட வீட்டுக் கணினி. மிடி இணைப்பு அதன் உடம்பிலேயே இருந்தது. இன்றும் பலர் பயன்படுத்தும் க்யூபேஸ் 1989-இல் அந்த இயந்திரத்துக்காகத்தான் எழுதப்பட்டது. ஃபேட்பாய் ஸ்லிம் என்ற பெயரில் உலகம் அறிந்த நார்மன் குக், 1990-களின் இறுதியிலும் அட்டாரியை விடவில்லை. காமடோர் அமிகா என்ற கணினியில் நான்கே சேனல், அதுவும் எட்டு பிட் ஒலி. 1987-இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி அதற்கு எழுதிய சவுண்டுட்ராக்கர் மென்பொருளிலிருந்து ஐரோப்பிய இளைஞர்களின் ஒரு தலைமுறை இசையே கிளம்பியது. சென்னை கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரகுமான் தம் வீட்டை ஒட்டி பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டூடியோவை அமைத்ததும் 1989-இல்தான். ‘ரோஜா’ வெளிவந்தது 1992-இல். அன்றைய வீட்டுக் கம்ப்யூட்டர் எதுவும் இன்றைய மலிவான கைப்பேசிக்குப் பக்கத்தில்கூட வராது.

சுமை இடம் மாறியது பிறகுதான். 1991-இல் வந்த முதல் ப்ரோ டூல்ஸ் நான்கு ட்ராக்குகளைக் கையாண்டது. விலை ஏறக்குறைய 6,000 டாலர். ஒலிக்கணக்குப் போடுவதற்கென்றே தனி அட்டைகளைக் கம்ப்யூட்டருக்குள் செருக வேண்டியிருந்தது. 1996-இல் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் விஎஸ்டி முறையைக் கொண்டுவந்தபோது அந்தத் தனி அட்டை தேவையற்றுப்போனது. எதிரொலி, ஈக்யூ, கம்ப்ரஸர் எல்லாவற்றையும் சாதாரண ப்ராசசரே கணக்கிட்டது. 1999-இல் வாத்தியங்களும் ப்ளக்-இன்களாக, அதாவது செருகிக்கொள்ளும் துணை மென்பொருள்களாக, உள்ளே வந்துவிட்டன. ஸ்டூடியோவின் அலமாரி முழுக்க இருந்த கருவிகளைத் தன் தலையில் ஏற்றிக்கொண்ட பிறகுதான் வீட்டுக் கணினி திணறத் தொடங்கியது. இன்றைக்கு ‘என் சிஸ்டம் தாங்கவில்லை’ என்று கேட்கிற புலம்பலுக்கு வயது முப்பதுக்குள்தான்.

ஆனால் எல்லாச் சுமையும் ஒன்றல்ல. ஒரு மைக்கில் பதிவு செய்த குரல், 24 பிட், 48,000 ஹெர்ட்ஸில், நொடிக்கு 1,44,000 பைட் எடுத்துக்கொள்ளும். நான்கு நிமிடப் பாட்டுக்கு இப்படி முப்பது ட்ராக் வைத்தாலும் மொத்தம் ஒரு ஜிகாபைட்டைச் சற்றே தாண்டும். முப்பதையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டால் டிஸ்கிலிருந்து வரவேண்டியது நொடிக்கு நாலரை மெகாபைட்டுக்கும் குறைவு. பத்து வருடப் பழைய லேப்டாப்புக்கு இது ஒரு வேலையே இல்லை. பதிவு செய்த ஒலியைத் திரும்ப ஒலிக்கச் செய்வது, வெட்டுவது, ஒட்டுவது, சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது ஆகியவை எல்லாம் இந்த வகை. பாட்டுக்காரர், வாத்தியக்காரர், மைக் என்ற பழைய வழியில் இசை செய்கிறவர் புதுக் கம்ப்யூட்டருக்குச் செலவழிக்க ஏறத்தாழ எந்தக் காரணமும் இல்லை.

அப்படியானால் இடறுவது எங்கே? நேரத்தில். கீபோர்டு கட்டையை அழுத்தியதற்கும் ஒலி காதுக்கு வருவதற்கும் நடுவே உள்ள தாமதத்தில்.

கம்ப்யூட்டர் ஒலியைத் துளித்துளியாகக் கணக்கிடுவதில்லை. ஒரு கட்டாகச் சேர்த்து, கணக்கு முடிந்ததும் அனுப்புகிறது. அந்தக் கட்டின் அளவுதான் பஃபர். தெருக்குழாயில் சின்னக் குடம் வைத்தால் சட்டென்று நிறையும், ஆனால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்; பெரிய குடத்தில் ஓட்டம் குறையும், காத்திருப்பு கூடும். பஃபரின் கதையும் அதுதான். 128 சாம்பிள், அதாவது 128 துளி, பஃபர் வைத்தால், 48,000 ஹெர்ட்ஸில், 2.7 மில்லிநொடிக்கு ஒருமுறை எல்லா ட்ராக்கின் கணக்கும் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லையென்றால் ‘டிக், டிக்’ என்று ஒலி உடையும். 1,024 வைத்தால் 21 மில்லிநொடி அவகாசம். ப்ராசசர் நிதானமாக வேலை செய்யும். மைக் வழியாக உள்ளே போய்த் திரும்பி ஹெட்போனுக்கு வரும்போது இந்தத் தாமதம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சென்னை வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. 43 மில்லிநொடித் தாமதம் என்றால் தன் குரலைத் தானே பதினைந்து மீட்டர் தள்ளி நின்று கேட்பது மாதிரி. எந்தப் பாடகராலும் அப்படித் தாளத்தில் நிற்க முடியாது. பத்து மில்லிநொடி என்றால் மூன்றரை மீட்டர். மேடையில் பக்கவாத்தியக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் தூரத்தைவிட அது அதிகம் இல்லை, பழகிவிடும்.

இதிலிருந்து ஒரு பெரிய விஷயம் கிடைக்கிறது. தாமதம் குறைவாக இருக்க வேண்டியது வாசிக்கும்போதும் பாடும்போதும் மட்டும்தான். அந்த நேரத்தில் பஃபரைக் குறைத்து, கனமான ப்ளக்-இன்களை அணைத்துவிட வேண்டும். மிக்சிங்குக்கு உட்காரும்போது பஃபரை 1,024-க்கு ஏற்றிவிடலாம். யாரும் எதையும் வாசிக்கவில்லை, இருபது மில்லிநொடி தாமதமாக ஒலித்தால் என்ன? பாடகருக்கு இன்னும் எளிய வழி உண்டு. மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டரிங் என்று ஒரு வசதி இருக்கும். மைக்கிலிருந்து வரும் குரல் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பாமல் நேராக ஹெட்போனுக்குப் போகும். அந்தப் பட்டன் இருக்கும்போது பழைய டூயல் கோர் கம்ப்யூட்டரிலும் குரல் பதிவு பிசகாது. தாமதம் என்று நினைத்துக் கம்ப்யூட்டரையே மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். மாற்ற வேண்டியிருந்தது அந்த ஒரு பட்டனையும், விண்டோஸின் பொதுவான ஒலி டிரைவருக்குப் பதில் இன்டர்ஃபேஸ் கம்பெனியின் சொந்த ஏசியோ டிரைவரையும்தான்.

ப்ராசசர் வாங்கும்போதும் இந்த இயல்பு மனத்தில் இருக்க வேண்டும். கோர்களின் எண்ணிக்கை விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும். ஆனால் ஒரு ட்ராக்கில் ஈக்யூ, கம்ப்ரஸர், எதிரொலி என்று வரிசையாக இருந்தால், முதலாவது முடிந்தால்தான் இரண்டாவது தொடங்க முடியும். அந்த வரிசையைப் பல கோர்களுக்குப் பங்குபோட முடியாது. எல்லா ட்ராக்குகளும் வந்து சேரும் மாஸ்டர் தடமும் அப்படியே. ஆகவே பதினாறு மெதுவான கோர்களைவிட ஆறு வேகமான கோர்கள் இசைக்கு உதவும். ஒலி உடைவதற்குப் பல நேரம் ப்ராசசர் காரணமே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வைஃபை டிரைவர் குறுக்கிடுவதும், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் அமைப்பு ப்ராசசரின் வேகத்தைக் குறைப்பதும் அதே ‘டிக், டிக்’கை உண்டாக்கும். பதிவின்போது வைஃபையை அணைத்து, சார்ஜரைச் செருகி, பவர் அமைப்பை முழு வேகத்துக்கு மாற்றிப் பார்ப்பதற்குக் காசு ஆகாது. மெலிந்த லேப்டாப்புகள் மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் சூடேறித் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதே விலைக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப், பெரிய விசிறியும் பிற்காலத்தில் ரேம் கூட்ட இடமும் தரும். வெளியூர்க் கச்சேரிக்குத் தூக்கிப்போக வேண்டிய தேவை இல்லாதவருக்கு அதையே பரிந்துரைப்பேன். யுபிஎஸ் ஒன்று கூடவே வேண்டும். நல்ல டேக்கின் நடுவில் கரண்ட் போனால் அந்த டேக் திரும்ப வராது.

ரேம் விழுங்குவது சாம்பிள் வாத்தியங்கள். ஒரு பியானோவின் ஒவ்வொரு கட்டையையும் பல அழுத்தங்களில் பதிந்து வைத்தால் ஜிகாபைட் கணக்கில் போகும். 1998-இல் வந்த கிகாசாம்ப்ளர் இதற்கு ஒரு அருமையான வழி கண்டது: ஒவ்வொரு ஒலியின் தொடக்கத் துணுக்கை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, கட்டையை அழுத்தியதும் மிச்சத்தை டிஸ்கிலிருந்து ஓடஓட எடுப்பது. இன்றைய கான்டாக்ட் போன்ற சாம்ப்ளர்கள் செய்வதும் அதையே. சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு ஏறத்தாழ நூறு இடங்களுக்குத்தான் தாவ முடியும். எஸ்எஸ்டிக்கு அந்தத் தடை இல்லை. பழைய கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு செலவு செய்யலாம் என்றால் எஸ்எஸ்டி என்பேன். இரண்டாவதாக, 16 ஜிபி வரை ரேம். சாம்ப்ளரில், தேவையில்லாத ஸ்வரங்களை ரேமிலிருந்து வெளியேற்றும் வசதியும் இருக்கிறது. பலர் அதைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை.

ஆசைக்கும் அளவுக்கும் உள்ள தூரத்தைக் காட்ட ஒரு நல்ல உதாரணம் ஸ்பிட்ஃபயர் நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த பிபிசி சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா தொகுப்பு. லண்டன் மைடா வேல் ஸ்டூடியோவில் பதிந்தது. முழுத் தொகுப்பு சுமார் 600 ஜிபி. அதே ஆர்க்கெஸ்ட்ராவின் நடுத்தர வடிவம் முப்பது ஜிபிக்குள். டிஸ்கவர் என்ற சின்ன வடிவமோ 200 எம்பி அளவுதான். எழுதுவதற்கு 200 எம்பி போதும். வயலின் பகுதி எங்கே ஏற வேண்டும், ஹார்ன் எங்கே நுழைய வேண்டும் என்ற தீர்மானத்தை அந்தச் சின்ன வடிவத்திலேயே எடுத்துவிடலாம். பெரிய வடிவம் உள்ள நண்பரின் கம்ப்யூட்டரிலோ வாடகை ஸ்டூடியோவிலோ ஒரு நாள் உட்கார்ந்து மாற்றிக்கொள்ளலாம். எழுதும் மேசையும் முடிக்கும் மேசையும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

சுமை தாங்காதபோது கையில் இருக்கும் மிகச் சிறந்த ஆயுதம் ஃப்ரீஸ். ப்ளக்-இன் வாத்தியம் உள்ள ஒரு ட்ராக்கை ஃப்ரீஸ் செய்தால், மென்பொருள் அதை ஒருமுறை வாசித்து ஒலிக்கோப்பாக எழுதிவைத்துக்கொள்ளும். அதன் பிறகு அது சாதாரணப் பதிவு. ரேமும் ப்ராசசரும் விடுபடும். இது புதிய தந்திரம் அல்ல. பீட்டில்ஸ் 1967-இல் ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ்’ ஆல்பத்தை நான்கு ட்ராக் டேப்பில் செய்தார்கள். நான்கும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து இன்னொரு டேப்பின் ஓரிரு தடங்களுக்கு இறக்கி, காலியான தடங்களில் மேலும் பதிந்தார்கள். இறக்கிய கலவையைப் பிறகு பிரிக்க முடியாது. டிரம் சத்தம் எவ்வளவு என்பதை அந்த இடத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். இன்று ஃப்ரீஸ் செய்ததைத் திரும்பப் பெறலாம் என்ற வசதி இருந்தும் மாணவர்கள் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். எதுவும் முடிவாகிவிடக் கூடாது என்ற பயம்தான் காரணம். நாற்பது ட்ராக்குகள், ஒவ்வொன்றிலும் ஐந்து ப்ளக்-இன்கள், எல்லாம் எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்ற நிலையில் திறந்து கிடக்கும் ப்ராஜெக்டைத் தூக்கச் சாதாரணக் கம்ப்யூட்டர் திணறும், பாட்டும் முடிவதில்லை. எதிரொலியைப் பொறுத்தவரை இன்னும் எளிது: ட்ராக்குக்கு ஒன்று என்று பத்து வைப்பதற்குப் பதில், ஒரே ஒரு எதிரொலித் தடம் வைத்து எல்லா ட்ராக்குகளையும் தேவையான அளவு அதற்கு அனுப்பினால் சுமை பத்தில் ஒன்றாகும். எல்லா வாத்தியமும் ஒரே அறையில் வாசிப்பது போன்ற ஒருமையும் கிடைக்கும். 96,000 ஹெர்ட்ஸ் மோகத்தையும் விட்டுவிடலாம். மனிதக் காது எட்டுவது 20,000 ஹெர்ட்ஸ் வரை. 48,000 அதற்குத் தாராளம். 96,000 என்றால் எல்லாச் சுமையும் இரட்டிப்பு.

தமிழ்நாட்டில் இசை செய்கிறவருக்கு இந்த விவாதத்தில் தனியான ஒரு பக்கம் உண்டு. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

மென்பொருள் வாத்தியங்கள் பியானோவை மனத்தில் வைத்துப் பிறந்தவை. கட்டையை அழுத்தினால் ஒரு ஸ்வரம். அடுத்த கட்டைக்கு அடுத்த ஸ்வரம். நாதஸ்வரத்திலோ வீணையிலோ ஸ்வரம் அப்படி நிற்பதில்லை. தோடியின் காந்தாரத்தை ஒரு கட்டையில் காட்ட முடியுமா? மிடியில் பிட்ச் பெண்ட் இருக்கிறது, 16,384 படிகளோடு. ஆனால் வழக்கமாக மேலும் கீழும் இரண்டு அரைஸ்வரத் தூரம்தான் வளையும். எல்லையைக் கூட்டி அமைக்கலாம், கையால் அந்த அசைவைத் துல்லியமாகக் கொண்டுவருவதுதான் கடினம். வளைக்கும்போது சாம்பிளின் குணமும் மாறுகிறது: ஊதுபவரின் மூச்சழுத்தமும் சீவாளியின் பிடியும் மாறாமல் சுருதி மட்டும் நகர்வதைக் காது உடனே கண்டுபிடித்துவிடும். 2018-இல் தரமாக ஏற்கப்பட்ட எம்பிஇ முறை ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே வளைக்க வழி செய்தது. அதற்கேற்ற கீபோர்டுகளும் வந்தன. அவை விலை கூடியவை. அவற்றிலும் கமகம் வர, வாசிப்பவர் முதலில் கமகம் அறிந்திருக்க வேண்டும்.

பத்தாயிரக்கணக்கில் செலவழித்து, ஜிபி ஜிபியாக இறக்கி, இரவு முழுக்க வளைவுக்கோடு வரைந்து, கடைசியில் நாதஸ்வரம் மாதிரி ஒன்று கிடைக்கும். பக்கத்து ஊர்க் கோயிலில் நிஜ நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும். அந்தக் கலைஞரை அழைத்து, உரிய சன்மானம் கொடுத்து, ஒரு மைக் வைத்துப் பதிந்தால் கம்ப்யூட்டருக்கு ஆகும் சுமை முன்னே சொன்ன அதே 1,44,000 பைட்தான். ராகமும் மூச்சும் அவருடையவை. பறைக்கும் தவிலுக்கும் கஞ்சிராவுக்கும் இதுவே பொருந்தும். தோலின் ஈரத்துக்கும் அடிக்கும் விரலுக்கும் ஏற்ப ஒவ்வொரு அடியும் மாறும் அந்த ஒலியை எட்டுப் பத்து சாம்பிள்களில் அடைக்க முடியாது. ஆக, மலிவான கணினிக்கு ஏற்ற வழியும் நல்ல இசைக்கு ஏற்ற வழியும் இங்கே ஒன்றாகவே இருக்கின்றன. ஊரில் வேலை குறைந்துவரும் வாத்தியக்காரர்களுக்கு அந்தப் பணம் போய்ச்சேரும் என்பதும் எனக்கு முக்கியமான நியாயம்.

செலவின் வரிசையை இப்போது சொல்லலாம். முதலில் கேட்கும் கருவி. பேஸ் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் மிக்ஸ் செய்தால், எந்த ப்ராசசரும் காப்பாற்றாது. மூடிய வகை ஸ்டூடியோ ஹெட்போன் ஒன்று, இரண்டு உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸ் ஒன்று, ஒரு மைக். அறை அடுத்தது. வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள அறையில் கண்டன்சர் மைக் எதிரொலியையே பதியும். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, தரையில் மெத்தையைப் போட்டு, ஃபேனை நிறுத்திப் பதிந்தால் வித்தியாசம் தெரியும். அமெரிக்காவில் பில்லி ஐலிஷும் அண்ணன் ஃபினியஸும் 2019-இல் வெளியிட்ட ஆல்பத்தின் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டின் படுக்கையறையில் உருவானது. 2020-இல் கிராமி விருதுகளை அள்ளியது. கனடாவின் கிரைம்ஸ் 2012-இல் வெளிவந்த ‘விஷன்ஸ்’ ஆல்பத்தை ஆப்பிள் கம்ப்யூட்டர்களோடு இலவசமாக வரும் கராஜ்பேண்டில் செய்தார். அவர்களுடைய திறமை எல்லாருக்கும் வராது. கருவி தடையாக இருக்கவில்லை என்பதற்கு மட்டுமே அவர்களைச் சொல்கிறேன்.

மென்பொருள் செலவில் ஏமாறாமல் இருக்கச் சில தகவல்கள் போதும். ரீப்பர் என்ற பதிவு மென்பொருள் தனிநபருக்கு 60 டாலர்; அறுபது நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டுக் கட்டலாம்; பழைய கம்ப்யூட்டரிலும் சட்டென்று திறக்கும். எஃப்எல் ஸ்டூடியோ ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுக்கப் புதுப்பதிப்பு இலவசம். ஆர்டர், எல்எம்எம்எஸ் இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். சர்ஜ், டெக்செட், வைட்டல் போன்ற சின்தசைசர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தரத்தில் அவை விலை கொடுத்து வாங்குவதற்குக் குறைந்தவை அல்ல. மாதச் சந்தா முறையில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். வருமானம் நிலையில்லாத கலைஞர் ஒரு மாதம் கட்டத் தவறினால் சொந்தப் பாட்டையே திறக்க முடியாமல் போகலாம். வேவ்ஸ் நிறுவனம் 2023 மார்ச்சில் இனி சந்தா மட்டுமே என்று அறிவித்து, பயனாளர்களின் எதிர்ப்பால் சில நாளிலேயே பின்வாங்கியது. டாலர் விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டியும் வங்கியின் மாற்றுக் கட்டணமும் சேரும் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

க்ராக் வெர்ஷன் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை நேர்மையாகாது. வசதியில்லாத பிள்ளைகள் பலர் அதில்தான் தொடங்குகிறார்கள் என்பது எல்லாரும் அறிந்தது. அதில் வைரஸ் வரும், பாதி வேலையில் நின்றுபோகும், புதுப்பிக்க முடியாது, இதெல்லாம் உண்மை. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. நூறு ப்ளக்-இன் ஓசியில் கிடைக்கும்போது எதையும் முழுதாகக் கற்பதில்லை. கூடவே, அந்தக் கனமான குவியலைத் தாங்கப் புதுக் கம்ப்யூட்டர் வேண்டும் என்ற தேவையும் பிறந்துவிடுகிறது. மென்பொருளில் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் இயந்திரத்துக்குப் போகிறது.

பழைய இயந்திரத்துக்கும் ஒரு எல்லை உண்டு. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11, சில விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் ப்ராசசர்களை ஏற்பதில்லை. அப்படிப்பட்ட கம்ப்யூட்டர் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். இணையத்தைத் துண்டித்துவிட்டு, பதிவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அல்லது லினக்ஸ் ஏற்றி ரீப்பரோ ஆர்டரோ ஓட்டலாம். ஆனால் இன்டர்ஃபேஸ் லினக்ஸில் வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆப்பிள் வாங்குவோர் கவனிக்க வேண்டியது, 2020-க்குப் பின் வந்த மேக்புக்குகளிலும் மேக் மினிகளிலும் ரேமைப் பிறகு கூட்ட முடியாது என்பது. வாங்கும் நாளிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

கடைசியாக, யாரும் பட்ஜெட்டில் எழுதாத ஒரு செலவு: இன்னொரு ஹார்ட் டிஸ்க். ஒரு பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு ட்ராக்கையும், ப்ளக்-இன்னோடும் ப்ளக்-இன் இல்லாமலும், தொடக்கத்திலிருந்து முடிவுவரை வேவ் கோப்பாக எழுதி, டெம்போவையும் சுருதியையும் கோப்பின் பெயரிலேயே குறித்து, அந்த டிஸ்கில் போட்டு வைக்க வேண்டும். இன்றைய ப்ளக்-இன் அடுத்த கம்ப்யூட்டரில் திறக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வேவ் கோப்பு எந்த மென்பொருளிலும் திறக்கும். நான்கு நிமிடப் பாட்டுக்கு முப்பது ட்ராக் என்றால் இரண்டு வகையும் சேர்ந்து சில ஜிபிதான். இதற்கு வேகமான டிஸ்க் வேண்டாம். எழுதி எடுத்து வைக்க, கடையில் கிடைக்கும் மலிவான சுழலும் டிஸ்க்கே போதும்.